எந்தக் கொசு, கடித்த எத்தனையாவது நாள்?

ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாள். 1897-இல் அந்த நாளில்தான் செகந்திராபாத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ரொனால்டு ராஸ், மலேரியாக் கிருமி கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் கண்டார். அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: கொசுதான் மலேரியாவைப் பரப்புகிறது என்று ராஸ் நிரூபித்ததாகப் பள்ளியில் படித்தோம். அன்று அவர் கண்ணால் பார்த்தது சரியாக என்ன? (வாசகர், கோவில்பட்டி)

பதில்: ஒரு கொசுவின் இரைப்பைச் சுவரில் பதிந்திருந்த சில வட்டமான அணுக்களைப் பார்த்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12 மைக்ரான் குறுக்களவு. ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். கொசுவின் இரைப்பையில் இயல்பாக இருக்கும் அணுக்களின் சாயல் அவற்றுக்கு இல்லை. விளிம்பு தெளிவாக இருந்தது. உள்ளே கரிய சிறு துகள்கள் தெரிந்தன.

அந்தத் துகள்கள்தான் சாட்சி. மலேரியாக் கிருமி மனிதரின் சிவப்பணுவுக்குள் புகுந்து ஹீமோகுளோபினைத் தின்னும்போது, செரிக்க முடியாத இரும்புப் பகுதி கரும்பழுப்புத் துகளாக மிஞ்சுகிறது. இந்தத் துகளைத் தொடர்ந்து ஆராய்ந்த இன்னொரு ராணுவ மருத்துவர், பிரான்சின் அல்ஃபோன்ஸ் லாவரான், 1880 நவம்பர் 6 அன்று அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில் கிருமியையே கண்டுபிடித்திருந்தார். நோயாளிகளின் ரத்தத்தில் அதே துகளை ராஸ் பலமுறை பார்த்துப் பழகியவர். கொசுவின் இரைப்பைச் சுவருக்குள் அது கண்ணில் பட்டதும் அங்கே இருப்பது எது என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

நாள்கணக்கையும் கவனியுங்கள். ஆகஸ்ட் 16 அன்று, ரத்தத்தில் பிறை வடிவக் கிருமிகள் இருந்த உசேன் கான் என்ற நோயாளியைக் கொசுவலைக்குள் படுக்கவைத்து, இறக்கையில் புள்ளிகள் உள்ள கொசுக்களை உள்ளே விட்டார்கள். கடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓர் அணா கூலி. ரத்தம் குடித்த கொசுக்களைப் பிடித்து வைத்து, அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். முதலில் அறுத்தவற்றில் எதுவும் இல்லை. நான்காம் நாளான 20-ஆம் தேதி அறுத்ததில் அந்த அணுக்கள் இருந்தன. மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தார். அதிலும் இருந்தன, முதல் நாள் பார்த்ததைவிடப் பெரிதாக இருந்தன. ஆக, அவை வளர்கின்றன. வளர்வது கொசுவின் சொந்த அணுவாக இருக்க முடியாது என்பதற்கு இந்த இரண்டாவது கொசுதான் உறுதியான ஆதாரம். புகழெல்லாம் 20-ஆம் தேதிக்குப் போனாலும், 21-ஆம் தேதியை அதற்குச் சமமாகவே மதிக்க வேண்டும்.

உசேன் கானின் பெயர் ஆவணங்களில் இருக்கிறது. பாடப்புத்தகங்களிலும் இருக்க வேண்டிய பெயர் அது.

கேள்வி: 1895-இலேயே தேடத் தொடங்கியவருக்கு இரண்டு ஆண்டுகள் ஏன் எதுவும் கிடைக்கவில்லை? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: மூன்று காரணங்கள் சேர்ந்துகொண்டன.

முதலாவது, கொசு இனம். அவர் அறுத்தவை பெரும்பாலும் சாம்பல் நிறக் கொசுக்களும் உடலில் வரிகள் உள்ள கொசுக்களும்; அதாவது இன்று க்யூலெக்ஸ், ஏடிஸ் என்று நாம் சொல்பவை. மனித மலேரியா அவற்றில் வளராது. ஆயிரம் க்யூலெக்ஸை அறுத்தாலும் விடை பூஜ்யம்தான். அப்போது கொசுக்களை இனம் பிரித்துச் சொல்லும் நூல் எதுவும் அவர் கையில் இல்லை. அனாஃபிலஸ் (மனித மலேரியாவைச் சுமக்கும் இனம்) என்ற பெயரைக்கூட அவர் பயன்படுத்தவில்லை. இறக்கையில் புள்ளியுள்ள கொசு என்றே எழுதிவைத்தார்.

இரண்டாவது, தேடிய இடம். அவருடைய வழிகாட்டி லண்டனிலிருந்த பேட்ரிக் மேன்சன். நோயாளியின் ரத்தம் உடலைவிட்டு வெளியே வந்த சில நிமிடங்களில் கிருமியிலிருந்து சாட்டை போன்ற இழைகள் கிளம்பித் துடிப்பதைப் பார்த்து, அந்த இழைதான் கொசுவுக்குள் போய்ப் பிழைக்கும் வித்து என்று மேன்சன் நினைத்தார். அதனால் ராஸ் இரைப்பைக்குள் இருந்த ரத்தத்தில் இழையைத் துரத்திக்கொண்டிருந்தார். அந்த இழை ஆண் விந்து என்பதை 1897-இல் அமெரிக்காவில் மெக்கல்லம் என்ற மாணவர் பறவைக் கிருமியை வைத்துக் காட்டினார். இழை பெண் அணுவோடு சேர்ந்து, சேர்ந்த கரு இரைப்பைச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளிப்பக்கம் போய் உட்காரும். பார்க்க வேண்டிய இடம் சுவர்.

மூன்றாவது, பரவும் வழி. கொசு நீரில் விழுந்து சாகும், கிருமி நீரில் கலக்கும், அந்த நீரைக் குடிப்பவருக்குக் காய்ச்சல் வரும் என்பது மேன்சனின் கணிப்பு. கொசு செத்த நீரைச் சிலருக்குக் குடிக்கக் கொடுத்தும் ராஸ் பார்த்தார். தெளிவான முடிவு கிடைக்கவில்லை. மலேரியாக் கிருமி குடிநீர் வழியாகத் தொற்றாது. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தால் மலேரியா வராது என்று இன்றும் சொல்வோர் உண்டு. காய்ச்சிக் குடிப்பது டைபாய்டுக்கும் மஞ்சள் காமாலைக்கும் நல்ல தடுப்பு. மலேரியாவுக்கு அது உதவாது.

கேள்வி: நான் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். ராஸ் செய்ததை மாணவர்கள் செய்துபார்க்க முடியுமா? கொசுவின் இரைப்பையை எப்படி எடுப்பது? (ஆசிரியை, மதுரை)

பதில்: தாராளமாகச் செய்யலாம். நோய்க்கிருமி வேண்டியதில்லை, இரைப்பையைக் கிழியாமல் எடுப்பதே நல்ல பயிற்சி. பெரிதாகவும் எளிதில் கிடைப்பதாகவும் உள்ள க்யூலெக்ஸில் தொடங்குங்கள். முட்டைப்புழுவைப் பிடித்து வந்து வலை மூடிய பாத்திரத்தில் வளர்த்தால், யாரையும் கடித்திராத சுத்தமான கொசு கிடைக்கும். ராஸும் இப்படித்தான் வளர்த்தார். வெளியே பிடித்த கொசுவில் எதைப் பார்த்தாலும் அது யாரிடமிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. சர்க்கரைக் கரைசலில் நனைத்த பஞ்சு அதற்கு உணவாகப் போதும்.

பெண் கொசுவை ஃபிரிட்ஜின் குளிரில் சில நிமிடம் வைத்து அசையாமல் ஆக்குங்கள். கால்களையும் இறக்கைகளையும் பிய்த்துவிடுங்கள். ஸ்லைடின் நடுவில் 0.85 சதவீத உப்புநீர் ஒரு சிறு துளி விட்டு, வயிற்றின் நுனி துளிக்குள் இருக்கும்படி கொசுவைக் கிடத்துங்கள். இரண்டு நுண்ணூசிகள் தேவை. ஒன்றால் மார்பை அழுத்திப் பிடியுங்கள். மற்றொன்றால் வயிற்றின் கடைசி இரண்டு வளையங்களுக்கு முன்னே, இரு பக்கமும் தோலை மட்டும் லேசாகக் கீறுங்கள். பிறகு நுனியை மெல்ல, ஒரே சீராக இழுத்தால் குடல், அதைச் சுற்றிய ஐந்து மெல்லிய கழிவுக்குழாய்கள், சூலகங்கள், இரைப்பை எல்லாம் வரிசையாக வெளியே வரும். இரைப்பையை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை வெட்டி ஒதுக்குங்கள். கவர் ஸ்லிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து மூடி, முதலில் 100 மடங்கிலும் பிறகு 400 மடங்கிலும் பாருங்கள்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இழுக்கும்போதுதான். வெடுக்கென்று இழுத்தால் இரைப்பை பாதியில் அறுந்துவிடும். துளி பெரிதானால் உறுப்பு மிதந்து சுருளும். சிறிதானால் மின்விசிறிக் காற்றில் இரண்டு நிமிடத்தில் காய்ந்து சுருங்கும். (ராஸ் விசிறி போடாமல் வேலை பார்த்தார், காற்றில் கொசுக்கள் பறந்துவிடும். வியர்வை வழிந்து நுண்ணோக்கியின் திருகுகள் துருவேறின.) வயிறு சிவந்திருக்கும் கொசுவை அறுத்தால் இரைப்பை வெடித்து எல்லாம் ரத்தமாகிவிடும், ரத்தம் செரிக்க இரண்டு மூன்று நாள் விட்டுவிட வேண்டும். ஆய்வுக்கூடங்களில் கிருமிப் பைகளை (ராஸ் பார்த்த அந்த வட்டமான அணுக்களை) தேடும்போது மெர்குரோகுரோம் சாயம் இடுவார்கள். ராஸிடம் அது இல்லை. கருந்துகளே அவருக்கு அடையாளமாக உதவியது.

உமிழ்நீர்ச் சுரப்பியை எடுப்பது இன்னும் நுட்பமான வேலை. மார்பின் முன்பகுதியை ஊசியால் அழுத்தினால் கழுத்து புடைக்கும். தலையை மெல்ல இழுத்தால் பக்கத்துக்கு மூன்று மடலாக, கண்ணாடிபோல ஒளி ஊடுருவும் சுரப்பிகள் அதனோடு வரும். தலை மட்டும் வந்துவிட்டால் மார்புக்குள் ஊசியை விட்டுத் தேட வேண்டியதுதான்.

கேள்வி: மனித நோயைத் தேடியவர் சிட்டுக்குருவிக்கு ஏன் மாறினார்? (மாணவர், சேலம்)

பதில்: வேறு வழியில்லாமல். கண்டுபிடித்த அடுத்த மாதமே ராணுவம் அவரை ராஜபுதனத்தின் கேர்வாராவுக்கு மாற்றிவிட்டது. 1898-இல் கல்கத்தாவுக்கு வந்தபோது, பிளேக் தடுப்பூசி பற்றிய அச்சத்தில் மக்கள் விரலில் ஊசி குத்தவே விடவில்லை. பறவைகளுக்கும் மலேரியா உண்டு. அதைச் சுமப்பது க்யூலெக்ஸ். எளிதில் கிடைக்கும் கொசு.

பறவையில் அவர் செய்த சோதனை, செகந்திராபாத் வேலையைவிட முழுமையானது என்பது எங்கள் கருத்து. கிருமி இல்லாத குருவி ஒன்று, ஓரளவு உள்ளது ஒன்று, மிகுதியாக உள்ளது ஒன்று. ஒவ்வொன்றையும் கடித்த பத்துப் பத்துக் கொசுக்களை அறுத்து எண்ணினார். முதல் பத்தில் ஒரு கிருமிப் பைகூட இல்லை. இரண்டாவது பத்தில் 292; மூன்றாவதில் 1,009. ரத்தத்தில் எவ்வளவோ அதற்கேற்பக் கொசுவிலும். பிறகு அந்தப் பைகள் வெடிப்பதையும், உள்ளிருந்து நூல்போன்ற ஆயிரக்கணக்கான வித்துகள் வெளிவருவதையும், ஜூலை மாதம் அவை உமிழ்நீர்ச் சுரப்பியில் நிறைந்திருப்பதையும் கண்டார். அப்படிப்பட்ட கொசுக்களைக் கடிக்கவிட்ட 28 நலமான குருவிகளில் 22-க்கு நோய் வந்தது. கடிதான் வழி என்பது அங்கேதான் நிலைபெற்றது. இதில் உடன் உழைத்த உதவியாளர் முகமது பக்ஷ்.

கேள்வி: நோபல் பரிசு இத்தாலியின் கிராஸிக்கும் சேர்ந்து போயிருக்க வேண்டும் என்கிறார்களே? (வாசகர், புதுச்சேரி)

பதில்: 1902-இல் ராஸுக்கு மட்டும் கொடுத்தார்கள். மனித மலேரியாவின் முழுச் சுற்றையும் அனாஃபிலஸ் கொசுவில் காட்டி, அந்த இனத்தைப் பெயர் சொல்லி அடையாளம் கண்டவர்கள் 1898 இறுதியில் ரோமில் வேலை பார்த்த கிராஸி, பிக்னாமி, பாஸ்தியானெல்லி. வழியைத் திறந்தவர் ராஸ்; மனிதரில் முடித்துக் காட்டியவர்கள் அவர்கள். கிராஸியை விட்டது குறைதான். இருவரும் கடைசிவரை ஒருவரையொருவர் தாக்கி எழுதியது அதைவிடப் பெரிய இழப்பு. சந்தேகப்பட்டவர்களின் வாயை அடைத்தது 1900-இல் நடந்த சோதனை. ரோமில் நோயாளியைக் கடித்த கொசுக்களை லண்டனுக்கு அனுப்பி, மேன்சனின் மகனைக் கடிக்கவிட்டார்கள். மலேரியாவே இல்லாத ஊரில் அவருக்கு மலேரியா வந்தது.

கேள்வி: ராஸுக்குத் தமிழகத்தோடு தொடர்பு உண்டா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: உண்டு. 1881-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்தவர் சென்னை மாகாணப் பிரிவில்தான் சேர்ந்தார். உங்கள் நீலகிரிக்கும் பங்கு இருக்கிறது: ஊட்டியில் விடுப்பில் இருந்தபோது கீழே சீகூர் பக்கம் காய்ச்சலை ஆராயப் போய், அவரே மலேரியாவில் விழுந்தார். இதே பணியிலிருந்த சார்லஸ் டொனவன் 1903-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் காலா-அசார் (கருங்காய்ச்சல்) நோயின் கிருமியைக் கண்டார். கிண்டி கிங் நிலையத்தின் இயக்குநராக இருந்த கர்னல் ஷார்ட், பின்னாளில் இங்கிலாந்தில் கார்ன்ஹாமுடன் சேர்ந்து, மலேரியாக் கிருமி ரத்தத்துக்குப் போகுமுன் ஈரலில் வளர்வதை 1948-இல் காட்டினார். கடித்த சில நாள்வரை ரத்தத்தில் எதுவும் தெரியாதது ஏன் என்ற புதிர் அப்போதுதான் அவிழ்ந்தது. வைவாக்ஸ் என்ற மலேரியா வகை மாதங்கள் கழித்துத் திரும்ப வருவதும் ஈரலில் தங்கிவிடும் கிருமியால்தான். அதற்காகத்தான் பிரிமாகுவின் மாத்திரையை 14 நாள் தருகிறார்கள். நான்காம் நாள் காய்ச்சல் விட்டதும் நிறுத்துபவர்களுக்கே பெரும்பாலும் அது திரும்புகிறது. (ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இதை உட்கொள்ளக் கூடாது, மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.)

கேள்வி: எல்லாக் கொசுவையும் ஒழிக்கவே முடியாது. பிறகு எதற்கு இத்தனை மருந்தடிப்பு? (வாசகர், வியாசர்பாடி, சென்னை)

பதில்: இதே கேள்வியை ராஸிடமும் கேட்டார்கள். அதற்கு அவர் கணக்குப் போட்டே பதில் சொன்னார்: எல்லாக் கொசுவும் சாக வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே போனால் நோய் தானாகத் தேய்ந்துவிடும்.

கணக்கு இப்படி. நோயாளியைக் கடித்த கொசு உடனே நோயைத் தராது. ஃபால்சிபேரம் என்ற மலேரியாக் கிருமி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்துசேர, 30 டிகிரி செல்சியஸில் சுமார் 8 நாள், 25 டிகிரியில் சுமார் 12 நாள், 20 டிகிரியில் சுமார் 28 நாள் ஆகும். அத்தனை நாள் கொசு உயிரோடு இருக்க வேண்டும். தினமும் நூற்றுக்குத் தொண்ணூறு கொசு பிழைக்கும் இடத்தில் 12 நாள் கடப்பவை 28 சதவீதம். வீட்டுச் சுவரில் மருந்தடித்து அந்தத் தொண்ணூறை எண்பதாக்கினால் 12 நாள் கடப்பவை 7 சதவீதம். தினசரி மாற்றம் சிறியது. விளைவு நாலில் ஒரு பங்கு. வலைக்கும் இப்படியொரு கணக்கு உண்டு. கிருமியை வாங்க ஒரு கடி, கொடுக்க ஒரு கடி என்று கொசு இரண்டு முறை கடிக்க வேண்டும். கடியைப் பாதியாக்கினால் பரவல் கால்வாசியாகும்.

உங்கள் பகுதிக்கு நேரடியாகப் பொருந்தும் விஷயம் ஒன்று. சென்னையில் மலேரியாவைச் சுமக்கும் அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சி சாக்கடைக் கொசு அல்ல. மாடித் தொட்டி, தரைத் தொட்டி, கிணறு என்று நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. சாக்கடையில் மருந்தடித்தால் க்யூலெக்ஸ் குறையும், மலேரியா குறையாது. தொட்டியை எட்டிப் பாருங்கள். புழு நீர்மட்டத்துக்கு இணையாகப் படுத்து மிதந்தால் அனாஃபிலஸ். தலைகீழாகத் தொங்கினால் வேறு இனம். வளர்ந்த அனாஃபிலஸ் சுவரில் உட்காரும்போது வால்பக்கம் தூக்கிச் சாய்வாக நிற்கும். நம் வெயிலில் முட்டை கொசுவாக ஒன்றரை வாரம்கூட ஆகாது என்பதால், வாரம் ஒருமுறை தொட்டியைக் காலிசெய்து, உட்சுவரைத் தேய்த்துக் காயவிட வேண்டும். மூடி இருந்தும் புழு வருகிறது என்று பலர் சொல்கிறார்கள். மூடியின் உடைந்த ஓரம், வலை கட்டாத காற்றுக்குழாய், நிரம்பி வழியும் குழாயின் வாய் ஆகிய மூன்றையும் பார்த்தால் காரணம் கிடைக்கும். கிணற்றுக்குக் கப்பி மீன் அல்லது கம்பூசியா விடலாம். மாநகராட்சி சுகாதாரப் பிரிவில் கேளுங்கள்.

கேள்வி: இலங்கையில் மலேரியா ஒழிந்துவிட்டது. இனியும் அச்சம் உண்டா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது உண்மை, பெரிய சாதனை. 1934-35-இல் பருவமழை பொய்த்து, ஓடிக்கொண்டிருந்த ஆறுகள் குட்டைகளாகத் தேங்கி, அதில் அனாஃபிலஸ் க்யூலிசிஃபேசிஸ் பெருகி, ஏறத்தாழ 80,000 பேர் இறந்த நாடு அது. ஆனால் 1963-இல் நோயாளிகள் 17 பேர் என்ற அளவுக்குக் குறைந்தும், கண்காணிப்பைத் தளர்த்தியதால் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பியது. நுளம்பு (கொசு) ஒழியவில்லை, கிருமிதான் ஒழிந்தது. மன்னார்ப் பக்கம் கிணறுகளில் ஸ்டீஃபன்சி இனமும் இப்போது வந்திருக்கிறது. வெளிநாடு போய் வந்தபின் காய்ச்சல் கண்டால், எங்கே போனீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

கேள்வி: குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் மலேரியா இல்லை என்று வந்தது. நம்பலாமா? (வாசகர், ராமேஸ்வரம்)

பதில்: ஒருமுறை இல்லை என்று வந்ததை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஃபால்சிபேரம் வகையில் முதிர்ந்த கிருமிகள் உள்ளுறுப்புகளின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். விரல் ரத்தத்தில் சில மணி நேரம் ஒன்றுமே அகப்படாமல் போகலாம். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மொத்தம் மூன்று முறை பார்ப்பது முறை. பரிசோதனைக்கு முன்பே கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருந்தால் கிருமி கண்ணுக்குத் தப்பும்.

ஆய்வகத்திலும் தவறலாம். ஒரே ஸ்லைடில் ரத்தத்தின் தடித்த பூச்சு, மெல்லிய பூச்சு இரண்டும் வேண்டும். மெல்லியதை மட்டும்தான் மெத்தனாலில் உறையவைக்க வேண்டும். மெத்தனால் தடித்த பூச்சின் மேல் வழிந்தாலோ, அவசரத்தில் அதைச் சூட்டில் உலர்த்தினாலோ, சிவப்பணு கரையாமல் உறைந்து கிருமியை மறைத்துவிடும். ஜீம்சா சாயத்தைக் கரைக்கும் நீரின் கார அமிலத்தன்மை 7.2 இருக்க வேண்டும். தடித்த பூச்சில் குறைந்தது 100 பார்வைப் புலங்களைப் பார்த்த பிறகே இல்லை என்று எழுதலாம். கோடு தெரிகிறதா என்று உடனே பார்க்கும் அட்டைப் பரிசோதனையில் எதிர்ச்சிக்கல்: ஃபால்சிபேரம் கோடு, குணமான பிறகும் சில வாரம் தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே மருந்து முடித்தவர்களுக்குத் திரும்பக் காய்ச்சல் வந்தால் ஸ்லைடு பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.